அடாசிட்டியும் சத்தம் வராத பொட்டியும்

எங்க மட்டாஞ்சேரி பாட்டுக்காரர்களின் ஊர் மக்களே. மெஹபூப் பாய் (1926-1981) சினிமாவில் பாடியது கொஞ்சம். கல்யாண வீடுகளிலும் மெஹ்ஃபில்களிலும் பாடியதுதான் அதிகம். பின்னால் கஸலை மலையாளத்தில் பாடிய உம்பாயியும் (மறைவு 2018) இதே மண்தான். வீட்டு விசேஷத்தில் பாடியதை யாராவது டேப்பில் பிடித்து வைத்திருந்தால்தான் உண்டு. கொச்சியின் ஈரக் காற்றில் நாடா பூஞ்சை பிடித்துவிடும். அதற்குள் கேசட்டைக் கணினியில் ஏற்றியாக வேண்டும்.

அதற்குத் தோதான மென்பொருள் அடாசிட்டி. 1999-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மஸோனியும் ரோஜர் டானன்பர்கும் ஆரம்பித்தது. 2000 மே மாதம் வெளியே வந்தது. காசு கிடையாது. கேரளத்து ஐடி@ஸ்கூல் திட்டம் பள்ளிகளுக்குக் கொடுத்த லினக்ஸிலும் இது இருந்தது. 2008-ல் எஸ்எஸ்எல்சி கணினித் தேர்வையே முழுக்கக் கட்டற்ற மென்பொருளில் நடத்தினார்கள் (நம்ம தமிழ்நாட்டில் இப்படி நடந்திருந்தால் என்று ஒரு பெருமூச்சு).

நிறுவுவது சுலபம். ரெக்கார்ட் பொத்தானை அழுத்தியதும்தான் கூத்து: ஒலிச் சாதனத்தைத் திறக்க முடியவில்லை என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். எல்லாரும் அடாசிட்டியைத் திட்டுவார்கள். பாவம், பெரும்பாலும் அதன் மேல் குற்றமில்லை.

ஃபின்லாந்துக்காரர் ஹன்னு சவோலைனன் 90-களின் தொடக்கத்தில் எழுதிய ஓஎஸ்எஸ்தான் லினக்ஸுக்குக் குரல் கொடுத்தது. அதில் பல சவுண்ட் கார்டுகளை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் திறக்க முடியும். ஒரே குழாயடி, ஒரே குடம்! கேடிஈ மேசைத்தளத்தின் ஆர்ட்ஸ், க்னோமின் ஈஎஸ்டி என்ற ஒலிச் சேவையகங்கள் முதலிலேயே குடத்தை வைத்துவிடும். அவற்றைக் கொன்றால்தான் அடாசிட்டிக்குத் தண்ணி.

2003 கடைசியில் வந்த 2.6 கெர்னலில் ஆல்சா சேர்ந்தது. பல நிரல்களின் ஒலியைக் கலந்து தர அதில் வழி இருந்தது. ஆனால் எல்லா வாய்க்கால்களையும் மூடி வைத்தே ஆரம்பிக்கும். அல்சாமிக்சரைத் திறந்து, எம் விசையை அழுத்தி வாயைத் திறக்க வைக்கணும். பதிவுக்கான உள்வழியை ஸ்பேஸ் பாரால் தேர்ந்தெடுக்கணும். "சத்தமே வரலை" என்ற புலம்பல்களில் பாதிக்கு மேல் இதுதான் என்பது என் அனுபவக் கணக்கு.

அப்புறம் பல்ஸ்ஆடியோ. ஃபெடோரா 8-ல் (2007), உபுண்டு 8.04-ல் (2008) வந்தது. நல்ல யோசனை, அவசரக் கல்யாணம். அடாசிட்டியும் அதுவும் மல்லுக்கட்டினால், பாஸஸ்பெண்டர் என்ற கட்டளையோடு அடாசிட்டியைத் தொடங்கி, பல்ஸைக் கொஞ்ச நேரம் தூங்க வைப்போம். 2021-ல் ஃபெடோரா 34 பைப்வயருக்கு மாறிய பிறகு இந்தச் சண்டை நிறைய அடங்கிவிட்டது.

எம்பி3 தனிக்கதை. காப்புரிமைத் தொல்லையால் லேம் குறியாக்கியைத் தனியாகத்தான் நிறுவ வேண்டியிருந்தது. 2017-ல் காப்புரிமைகள் தீர்ந்து அந்தத் தொல்லையும் ஒழிந்தது.

கேசட் வைத்திருப்பவர்களுக்கு: மைக் துளை வேண்டாம், லைன்-இன் துளையில் செருகுங்கள். ஸ்டீரியோ வேவ் கோப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி ஆகும், அதை அழிக்காதீர்கள். இரைச்சல் நீக்கும் வேலையை நகலில் மட்டும் செய்யுங்கள். அளவு மீறினால் ஆர்மோனியம் தண்ணிக்குள் வாசித்த மாதிரி ஆகிவிடும் :-)