மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனருக்கு இன்று எந்தப் பிளக்?

எங்கள் வீட்டு மொறிஸ் மைனர் 1000 கடந்த ஆண்டு மறுபடியும் ஓடத் தொடங்கியது. அப்பா இறந்த பிறகு கொட்டிலில் தூசி படிந்து கிடந்த கார். ஒரு கராஜில் பிறேக், ரயர், காபரேட்டர் எல்லாம் பார்த்து, பழைய பிளக்குகளைத் துடைத்துப் பூட்டித் தந்தார்கள். ஊருக்குள் ஓடும்போது ஒரு குறையும் தெரியவில்லை. ஏ9 வீதியில் கிளிநொச்சிக்குப் போன அன்று, ஆனையிறவு தாண்டும்போது எஞ்சினுக்குள் சிறு கற்களைப் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு சத்தம். ஓரமாக நிறுத்திச் சாவியைத் திருப்பினால் எஞ்சின் நிற்கவில்லை. சில விநாடிகள் உதறிக்கொண்டே ஓடித்தான் நின்றது.

அப்பாவின் காலத்தில் இந்தக் காரைப் பார்த்த முதிய மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். முதலாவது பிளக்கைக் கழற்றி, அதிலிருந்த எழுத்தை வாசிக்கும்படி என்னிடம் தந்தார். "பிபி4இஎஸ்" என்று வாசித்தேன்.

"இது நான் பூட்டினது, பிள்ளை. எண்ணெய்க்கெண்டு தேடிப் போட்டது. பெற்றோலுக்கு இது சரிவராது."

வடக்கில் இன்னும் பல வீடுகளில் இப்படியான கார்கள் இருக்கின்றன. அவற்றை மீண்டும் ஓட வைக்க நினைப்பவர்களுக்காக, அவரிடம் கேட்டும் கைநூலைப் பார்த்தும் அறிந்துகொண்டதை இங்கே தருகிறேன்.

மண்ணெண்ணெய் பிளக்கை என்ன செய்தது?

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியபின் பொருளாதாரத் தடையால் வடக்கில் பெற்றோல் கிடைக்காமல் போனது. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. ஆகவே காபரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அப்பாவின் பெற்றோல் ஒரு சிறிய மருந்துப் போத்தலில் இருந்தது. அதைத் தொட எங்களுக்கு அனுமதி இல்லை.

முழுதாக எரியாத மண்ணெண்ணெய் கரியாகிப் பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மூக்கில் படியும். கரி மின்சாரத்தைக் கடத்தும். அப்போது மின்சாரம் இடைவெளியைத் தாண்டிப் பொறியாக வெடிக்காமல், கரியின் வழியே ஒழுகிப் போய்விடும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது எனக்கு ஆறு வயது. மழையில், சனத்தோடு சனமாக ஊர்ந்துகொண்டிருந்த எங்கள் கார் நாவற்குழிக்குக் கிட்ட நின்றுவிட்டது. அப்பா நான்கு பிளக்குகளையும் கழற்றிக் கத்தி நுனியால் கரியைச் சுரண்டினார். அம்மம்மா பின் சீற்றில் இருந்தபடி அவருக்கு ரோச் பிடித்தார். அன்று கார் ஏன் நின்றது என்பது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. ஊர்ந்து போகும்போது பிளக் தன் கரியைத் தானே எரிக்கும் அளவுக்குச் சூடாகாது.

கொடிகாமத்தில் இடம்பெயர்ந்து இருந்த நாட்களில்தான் இந்த மெக்கானிக் சூடு கூடிய பிளக்குகள் நான்கைத் தேடிப் பூட்டினார். 1996இல் திரும்பி வந்தபின் அப்பா காரை ஊருக்குள் மட்டும், மெதுவாகவே ஓட்டினார். அதனால் பிளக்கை மாற்றவேண்டிய தேவை வெளியில் தெரியவில்லை.

வெப்ப எண் என்றால் என்ன?

சூடான பிளக், குளிர்ந்த பிளக் என்பது பொறியின் பலத்தைக் குறிப்பதில்லை. பிளக்கின் மூக்கு தன் வெப்பத்தை எவ்வளவு வேகமாக எஞ்சின் தலைக்குக் கடத்துகிறது என்பதையே குறிக்கிறது. பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் வெப்பம் தங்கும். அது சூடான பிளக். குட்டையாக இருந்தால் வெப்பம் விரைவாக வெளியேறும்; அது குளிர்ந்த பிளக்.

மூக்கின் வெப்பநிலை ஏறத்தாழ 450 பாகை செல்சியசுக்கு மேல் இருந்தால்தான் படியும் கரி எரிந்துபோகும். ஏறத்தாழ 850 பாகையைத் தாண்டினால், பொறி வருமுன்பே அந்த மூக்கே எரிபொருளைப் பற்றவைத்துவிடும். எங்கள் காருக்கு ஆனையிறவில் நடந்தது அதுதான். இப்படியே நெடுநாள் ஓடினால் பிஸ்டன் உருகும்.

கடையில் பலர் தவறுவது எண்களில்தான். என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் கூடக்கூடப் பிளக் குளிர்ந்தது. சாம்பியன், பொஷ் பிளக்குகளில் எண் கூடக்கூடப் பிளக் சூடானது. மொறிஸ் மைனர் 1000இன் கைநூல் சாம்பியன் என்5 என்று சொல்கிறது. இன்று அதற்குப் பொதுவாகப் பூட்டப்படுபவை சாம்பியன் என்9ஒய்சி அல்லது என்ஜிகே பிபி6இஎஸ். ஒன்றில் 9, மற்றதில் 6. ஆனாலும் இரண்டும் ஒரே வேலைக்கானவை. ஒரு கம்பனியின் எண்ணை வைத்து இன்னொரு கம்பனியின் பிளக்கைக் கேட்கக்கூடாது.

எங்கள் காரில் இருந்த 4, தேவையான 6ஐ விட இரண்டு படி சூடானது. ஊருக்குள் குறுகிய ஓட்டம் மட்டுமே ஓடி, கரி படிந்துகொண்டே இருந்தால் ஒரு படி சூடான பிபி5இஎஸ் போட்டுப் பார்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

எழுத்துகள் சொல்வது

பிபி6இஎஸ் என்பதில் முதல் 'பி' 14 மில்லிமீற்றர் மரையைக் குறிக்கும். இரண்டாவது 'பி' மூக்கு வெளியே நீண்டிருப்பதைக் குறிக்கும். 6 வெப்ப எண். 'இ' என்பது மரையின் நீளம் 19 மில்லிமீற்றர் என்பதாகும். இடையில் 'ஆர்' இருந்தால் வானொலி இரைச்சலைக் குறைக்கும் தடை உள்ளே இருக்கிறது.

நீளத்தில் பிழை விடக்கூடாது. 1948இல் வந்த முதல் மொறிஸ் மைனரின் பக்கவால்வு எஞ்சினுக்கு 12.7 மில்லிமீற்றர் நீளப் பிளக்கே வேண்டும். நீளம் கூடிய பிளக்கைப் பூட்டினால் அது எஞ்சினுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே எதிலும் முட்டலாம். நீளம் குறைந்ததைப் பூட்டினால் மிச்ச மரையில் கரி இறுகி, பின்னர் சரியான பிளக் ஏறாது.

இடைவெளி 0.025 அங்குலம், அதாவது 0.64 மில்லிமீற்றர். புதிய பிளக்குகள் பெரும்பாலும் இதைவிட அகன்ற இடைவெளியோடுதான் வரும். பெட்டியிலிருந்து எடுத்தபடியே பூட்டாமல் பீலர் கேஜால் அளந்து, வெளிக்கம்பியை மட்டும் மெல்லத் தட்டிக் குறைக்க வேண்டும். விலை கூடிய இரிடியம் பிளக் இந்தக் காருக்குத் தேவையில்லை.

பிளக்கை வாசிப்பது

பதினைந்து இருபது கிலோமீற்றர் ஓடியபின் எஞ்சினை ஆறவிட்டு, நான்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். ரேடியேற்றர் பக்கம் இருப்பது முதலாவது. வயர்களைக் கழற்றுமுன் அடையாளம் இடுங்கள். வெடிக்கும் ஒழுங்கு 1, 3, 4, 2.

மூக்கு இளமண்ணிறமாக இருந்தால் பிளக் சரி. உலர்ந்த கரி இருந்தால் எரிபொருள் கூடப் போகிறது, அல்லது பிளக் குளிர்ந்தது. ஈரமான எண்ணெய்க் கரி இருந்தால் வளையமோ வால்வோ தேய்ந்திருக்கிறது. பிளக்கை மாற்றுவதால் அது தீராது. வெளிறி வெண்மையாக, கொப்பளித்ததுபோல இருந்தால் அதிக சூடு. அப்போது காபரேட்டரையும் பொறி நேரத்தையும் பார்த்த பிறகே பிளக்கில் குறை சொல்லவேண்டும். நான்கில் ஒன்று மட்டும் வேறுபட்டால், குறை அந்தச் சிலிண்டரில்.

போலிப் பிளக்குகளும் விற்பனையில் உண்டு. எழுத்து மங்கலாக, மரை கரடாக, நடுக்கம்பி சரிந்து இருந்தால் வாங்காதீர்கள். பூட்டும்போது முழு மரையையும் கையாலேயே சுற்றுங்கள். இறுகிய பின்தான் ஸ்பானர். புதிய பிளக்குக்கு இன்னும் அரைச் சுற்றுப் போதும்.

பிபி6இஎஸ் நான்கும் பூட்டி, அடுத்த கிழமை மறுபடியும் கிளிநொச்சிக்குப் போனேன். சத்தம் இல்லை. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் நின்றது.

கழற்றிய நான்கையும் மெக்கானிக் ஒரு துணியில் சுற்றி என் கையில் தந்திருந்தார். "எறிஞ்சு போடாதை பிள்ளை. 2022இல பெற்றோல் வரிசை நிண்ட நேரம், எண்ணெயில ஓட்டலாமோ எண்டு என்னட்டைக் கேட்டு வந்தவையும் இருக்கினம்."

அவை இப்போது காரின் ஆயுதப் பெட்டிக்குள் இருக்கின்றன.