பருத்திக்காட்டு நாடும் இளைஞர் காற்பந்தும்

இருபது வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டி 2027-ஆம் ஆண்டில் உஸ்பெகிஸ்தான், அசர்பைஜான் ஆகிய இரு நாடுகளில் நடைபெறவிருக்கிறது. தோட்டத்துத் திடலில் மாலைதோறும் பந்து உதைக்கும் நம் பிள்ளைகளிடம் பிரேசில் எங்கே, அர்ஜெண்டினா எங்கே என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். உஸ்பெகிஸ்தான் எங்கே என்று கேட்டால் சற்றுத் தயங்குவார்கள். அந்த நாட்டின் கதையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். நம்மைப் போலவே ஒரு பயிரை நம்பி, ஒரு பயிருக்காக உழைத்து, ஒரு பயிரால் துன்பமும் அடைந்த மக்களின் கதை அது.

முதலில் போட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. உலக இளைஞர் காற்பந்துப் போட்டி முதன்முதலாக 1977-இல் வட ஆப்பிரிக்க நாடான துனீசியாவில் நடந்தது. பதினாறு குழுக்கள் கலந்துகொண்டன. இறுதியாட்டத்தில் மெக்சிகோவைப் பெனால்டி உதைகளில் வென்று சோவியத் யூனியன் கிண்ணத்தைக் கைப்பற்றியது. 1979-இல் ஜப்பானில் நடந்த இரண்டாவது போட்டியில்தான் மரடோனா என்ற இளைஞரை உலகம் கண்டுகொண்டது. அன்று முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை இப்போட்டி நடைபெற வேண்டும் என்பது ஏற்பாடு.

நமது நாட்டுக்கும் இந்தப் போட்டியில் பங்குண்டு. 1997-இல் மலேசியாதான் இதை ஏற்று நடத்தியது. இருபத்து நான்கு குழுக்கள் பங்கேற்ற முதல் போட்டி அதுவே. ஷா ஆலாமில் நடந்த இறுதியாட்டத்தில் அர்ஜெண்டினா 2-1 என்ற கோல் கணக்கில் உருகுவேயை வென்றது. ரிக்கெல்மே, அய்மார், பிரான்சின் தியேரி ஆன்ரி, இங்கிலாந்தின் மைக்கேல் ஓவன் ஆகியோர் பெரும் புகழ் பெறுவதற்கு முன்னமே நம் மண்ணில் ஆடிச் சென்றார்கள். இன்னும் பின்னோக்கிப் போனால், ஆசிய இளைஞர் காற்பந்துப் போட்டி தொடங்கியதும் நம் நாட்டில்தான். அப்பொழுது ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர் நம் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான். 1959-இல் கோலாலம்பூரில் நடந்த அந்த முதல் போட்டியில் தென்கொரியா வென்றது. மலாயா இரண்டாம் இடம் பெற்றது.

இனி உஸ்பெகிஸ்தானுக்கு வருவோம். மத்திய ஆசியாவில், கடலையே காணாத நாடு அது. அதைச் சுற்றியுள்ள நாடுகளுக்கும் பெருங்கடலுக்குப் போக வழியில்லை. உலகில் இவ்வாறு அமைந்த நாடுகள் இரண்டே இரண்டு. மற்றொன்று ஐரோப்பாவிலுள்ள சின்னஞ்சிறு லீக்டன்ஸ்டைன். கடல் இல்லாவிட்டாலும் உலகம் அவர்களைத் தேடி வந்தது. சீனத்துப் பட்டு மேற்கே சென்ற பழைய வணிகப் பாதை சமர்க்கந்து, புகாரா ஆகிய நகரங்களின் வழியாகத்தான் சென்றது. இந்தியாவில் முகலாய ஆட்சியை நிறுவிய பாபர் பிறந்த அந்திஜான் நகரமும் இந்த நாட்டில்தான் இருக்கிறது.

பட்டுக்குப் பெயர் போன அந்த மண்ணில் பருத்தி முதலிடம் பெற்றது எப்படி? 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த பஞ்சு நின்றுபோகவே, ரஷ்யாவின் நெசவாலைகள் தவித்தன. 1865-இல் ரஷ்யப் படை தாஷ்கண்ட் நகரைப் பிடித்தது. அதன் பிறகு மத்திய ஆசியாவின் வயல்களில் பருத்தி பெருகத் தொடங்கியது. மலாயாவில் காடழித்து ரப்பர் நட்டது எந்த நாட்டுத் தொழிற்சாலைகளுக்காக என்பதை நாம் அறிவோம். தூரத்துத் தொழிற்சாலையின் தேவை ஒரு நாட்டின் மண்ணை மாற்றியமைத்த கதை அங்கும் அப்படியே நடந்தது.

பின்னர் சோவியத் ஆட்சி வந்தது. பருத்திக்குப் பெயரே ‘வெள்ளைத் தங்கம்’ என்றாயிற்று. 1939-இல் பெர்கானா பள்ளத்தாக்கில் ஒரு பெருங்கால்வாய் வெட்டப்பட்டது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மண்வெட்டியும் கையுமாக நின்று, நாற்பத்தைந்தே நாட்களில் முக்கிய வேலையை முடித்தார்கள். காலம் செல்லச் செல்ல, சோவியத் யூனியனின் பஞ்சில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உஸ்பெகிஸ்தானிலிருந்தே வந்தது.

அதற்குக் கொடுத்த விலை சாதாரணமானதன்று. அமு தாரியா, சிர் தாரியா என்ற இரு பெரும் ஆறுகளின் நீர் பருத்தி வயல்களுக்குத் திருப்பப்பட்டது. அந்த ஆறுகள் போய்ச் சேர்ந்த ஆரல் கடல் உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்தது. 1960-க்குப் பிறகு அது வற்றத் தொடங்கியது. மொய்னாக் என்னும் மீன்பிடித் துறைமுகத்தைவிட்டுத் தண்ணீர் வெகுதூரம் விலகிப்போய்விட்டது. அங்கே துருப்பிடித்த படகுகள் மணல்மேட்டில் கிடக்கின்றன. போதாக்குறைக்கு, மேலிடம் கேட்ட அளவு பஞ்சைக் காட்ட முடியாத அதிகாரிகள், விளையாத பஞ்சை விளைந்ததாகக் கணக்கெழுதினார்கள். 1980-களில் இந்த மோசடி அம்பலமாகி நாடே கலங்கியது.

இந்தப் பருத்திக்காட்டு மக்களுக்கென்று 1956-இல் தாஷ்கண்டில் ஒரு காற்பந்துக் குழு உருவாயிற்று. அதன் பெயர் ‘பக்தகோர்’. உஸ்பெக் மொழியில் அச்சொல்லுக்குப் பொருள் ‘பருத்தி விளைவிப்பவர்’ என்பதாகும். குழுவின் சின்னத்திலும் பருத்திக் காய் வெடித்து நிற்கும். பெரிய நகரங்களின் குழுக்கள் ராணுவத்தின் பெயரிலும் ரயில்வேயின் பெயரிலும் ஆடிக்கொண்டிருந்த காலத்தில், வயலில் குனிந்து வேலை செய்பவரின் பெயரைச் சட்டையில் தாங்கி ஒரு குழு திடலில் இறங்கியது. 1968-இல் அந்தக் குழு சோவியத் கிண்ணத்தின் இறுதியாட்டம் வரை முன்னேறி, ஒரே ஒரு கோலில் மாஸ்கோவின் டார்பிடோ குழுவிடம் தோற்றது.

அந்தக் குழுவில் மிகாயில் ஆன் என்று ஒரு நடுத்திடல் ஆட்டக்காரர் இருந்தார். அவர் கொரிய வம்சாவளியினர். 1937-இல் ஸ்டாலினின் ஆணைப்படி, சோவியத் நாட்டின் தூரக்கிழக்கில் வாழ்ந்த ஏறக்குறைய 1,70,000 கொரியர்கள் ரயில் பெட்டிகளில் ஏற்றப்பட்டு மத்திய ஆசியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். நாணற்காடுகளைத் திருத்தி நெல்லும் பருத்தியும் விளைவித்தார்கள், கூட்டுப்பண்ணைகளில் குடியமர்ந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு பண்ணையில் பிறந்து வளர்ந்தவர்தாம் மிகாயில் ஆன். பிறந்த மண்ணை விட்டுக் கூட்டங்கூட்டமாய் வேறு மண்ணுக்கு வந்து பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

1979-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் நாள். மின்ஸ்க் நகரில் ஆடுவதற்காகப் பக்தகோர் குழு விமானத்தில் சென்றுகொண்டிருந்தது. உக்ரைனின் வான்வெளியில் அவ்விமானமும் மற்றொரு பயணிகள் விமானமும் மோதிக்கொண்டன. இரண்டிலும் இருந்த 178 பேரும் மாண்டனர். அவர்களில் பதினேழு பேர் பக்தகோர் குழுவினர். மிகாயில் ஆனும் அவர்களுள் ஒருவர். தாஷ்கண்ட் நகரமே அழுதது. பிற குழுக்கள் தங்கள் ஆட்டக்காரர்களை அனுப்பி உதவின. தோற்றாலும் சில ஆண்டுகளுக்குக் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படமாட்டாது என்று பக்தகோருக்கு உறுதி தரப்பட்டது. குழு மீண்டும் எழுந்தது.

1991-இல் உஸ்பெகிஸ்தான் தனி நாடாயிற்று. மூன்றே ஆண்டுகளில், 1994-ஆம் ஆண்டு ஹிரோஷிமாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், முதன்முறையாகக் கலந்துகொண்டபோதே காற்பந்துத் தங்கப் பதக்கத்தை வென்று எல்லாரையும் வியக்க வைத்தது.

நேயர்களே, இவ்விடத்தில் ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். விடுதலை வந்தது, ஆனால் பருத்திக்காட்டின் பழைய வழக்கம் போகவில்லை. அறுவடைக் காலம் வந்தால் பள்ளிக்கூடங்கள் காலியாகும். மாணவர்கள், ஆசிரியர்கள், மருத்துவமனைத் தாதியர் என எல்லாரும் அரசின் கட்டளைப்படி வயலுக்குப் போக வேண்டும். ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று கணக்குண்டு. வெடித்து உலர்ந்த பருத்திக்காயின் முனை கூர்மையானது. அது விரல்களைக் கீறிவிடும். பருத்தி விளைவிப்பவரைச் சட்டையில் எழுதிப் பெருமைப்பட்ட நாட்டில், பந்து விளையாட வேண்டிய வயதுப் பிள்ளைகள் முதுகு வளைந்து பஞ்சு பறித்தார்கள்.

இதை வெளியுலகத்துக்குச் சொன்னவர்கள் அந்நாட்டு மக்களே. வயல்களுக்குச் சென்று பார்த்து எழுதிய சிலர் மிரட்டப்பட்டார்கள், கைது செய்யப்பட்டார்கள். ஆயினும் செய்தி பரவியது. உலகின் 300-க்கும் மேற்பட்ட ஆடை நிறுவனங்கள் உஸ்பெக் பஞ்சை வாங்கமாட்டோம் என்று உறுதிமொழி எடுத்தன. 2013 முதல் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் அறுவடையைக் கண்காணித்தது. முதலில் சிறுவர்கள் வயலிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். 2016-இல் ஆட்சித் தலைமை மாறிய பின் மற்றவர்களையும் விடுவிக்கும் முயற்சி நடந்தது. பறிப்பவர்களுக்குக் கூலியும் உயர்ந்தது. 2020-இல், இவ்வளவு பஞ்சு தர வேண்டும் என்ற அரசுக் கட்டாயம் நீக்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டு அறுவடையில் திட்டமிட்ட கட்டாய உழைப்பும் குழந்தை உழைப்பும் இல்லை என்று அந்நிறுவனம் 2022 மார்ச் மாதத்தில் அறிவித்தது. அதே மாதத்தில் வாங்குவோரின் தடையும் நீக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக் காலம் அசைக்க முடியாதது என்று எண்ணப்பட்ட வழக்கம், உண்மையைப் பேசியவர்களின் துணிவாலும் உலகின் கண்காணிப்பாலும் மாறியது.

அதற்கு அடுத்த ஆண்டே மற்றொரு செய்தி. 2023 மார்ச்சில் தாஷ்கண்டில் நடந்த இருபது வயதுக்குட்பட்டோர் ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் உஸ்பெகிஸ்தான் ஈராக்கை 1-0 என வென்றது. பஞ்சும் பந்தும் ஒன்றோடொன்று நேரே தொடர்புடையவை என்று நான் சொல்லவில்லை. இளைஞர் காற்பந்துக்கு அந்நாடு தனியே பாடுபட்டது. 2021-இல் இளம் ஆட்டக்காரர்களைக் கொண்டே ‘ஒலிம்பிக்’ என்ற குழுவை அமைத்து, பெரியவர்களோடு மோதிப் பழகச் செய்தது. பலன் வரிசையாக வந்தது. 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக் காற்பந்துக்கு முதன்முறையாகத் தகுதி. 2025 ஏப்ரலில் பதினேழு வயதுக்குட்பட்டோர் ஆசியக் கிண்ணம். அந்த இறுதியாட்டத்தில் இருவர் வெளியேற்றப்பட்டு, ஒன்பதே பேராக நின்றும் சவூதி அரேபியாவை அதன் சொந்த மண்ணில் 2-0 என வென்றார்கள். 2025 ஜூனில், 2026-ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்துக்குப் பெரியவர்களின் குழு முதன்முறையாகத் தகுதி பெற்றது. 2023-இல் கிண்ணம் வென்ற இளைஞர் குழுவில் ஆடிய அப்துகோதிர் குசானோவ், 2025 ஜனவரியில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டி குழுவில் சேர்ந்தார்.

உடன் நடத்தும் அசர்பைஜானும் லேசான நாடன்று. காஸ்பியன் கடலோரத்தில் உள்ள அதன் தலைநகர் பாகு, எண்ணெய்க்கிணறுகளுக்குப் பெயர் பெற்றது. 1966 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் பந்து கோட்டைத் தாண்டியது என்று கூறிய எல்லைக்கோட்டு நடுவர் தோஃபிக் பஹ்ராமோவ் அந்நாட்டவர்தாம். அவர் பெயரில் பாகுவில் ஒரு விளையாட்டரங்கமே இருக்கிறது. பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகக் கிண்ணத்தை 2012-இல் நடத்திய அனுபவமும் அதற்கு உண்டு.

நேயர்களே, மங்கு துடைக்கவும் உதிர்ந்த பழம் பொறுக்கவும் பிள்ளைகளை அழைத்துப் போன காலத்தை நம் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எந்தத் தாயும் தகப்பனும் ஆசைப்பட்டு அப்படிச் செய்யவில்லை. கணக்குக் குறைந்தால் கூலி குறையும். கூலி குறைந்தால் அடுப்பு எரியாது. அப்படி ஒரு பிள்ளை இழந்த பள்ளி நாட்களும் விளையாட்டு நாட்களும் திரும்பி வருவதில்லை. ஆகவேதான் 2027-இல் தாஷ்கண்டில் ஓடப்போகும் இளைஞர்களை நாம் வேறு கண்ணோடு பார்க்க முடியும். அவர்களுடைய தாய் தந்தையரில் பலர் இலையுதிர்க்காலம் தோறும் பஞ்சு மூட்டை சுமந்தவர்கள்.

அந்த ஆட்டங்களைப் பார்க்கும்போது உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். யார் கோல் போட்டார் என்பதை அவர்கள் உங்களுக்குச் சொல்லட்டும். பக்தகோர் என்றால் என்ன பொருள் என்பதை நீங்கள் அவர்களுக்குச் சொல்லுங்கள். மறுநாள் காலையில் அவர்களைப் பள்ளிக்கும், மாலையில் திடலுக்கும் தவறாமல் அனுப்பிவையுங்கள்.