வரிசை தவறிய பல்லும் அஸ்ஸஹ்ராவீயின் அரமும்

 

சில ஆண்டுகளுக்கு முன்பு நமது மதரஸாவில் ஒரு சிறுவர் ஓதி வந்தார். 'ஸா', 'தால்', 'ளா' ஆகிய மூன்று எழுத்துகளும் அவருடைய நாவில் ஒருநாளும் சரியாக அமைந்ததில்லை. அவற்றை மொழிய நாவின் நுனி மேல்வரிசை முன்பற்களின் விளிம்பைத் தொட வேண்டும் என்பது தஜ்வீதின் தொடக்கப் பாடம். கவனக்குறைவு என்றே நாம் கருதினோம். மற்ற பிள்ளைகளின் முன்னால் அவரைப் பலமுறை திரும்பச் சொல்ல வைத்தோம். நாளடைவில் அவருடைய குரல் தாழ்ந்தது. கடைசி வரிசையில் போய் அமரத் தொடங்கினார்.

பிறகுதான், அச்சிறுவர் வாயை மூடினாலும் மேல்முன்பற்களும் கீழ்முன்பற்களும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை என்பதைப் பல் மருத்துவர் கூற அறிந்தோம். குறை அவருடைய கவனத்தில் இல்லை, பல்வரிசையில் இருந்தது. அவரிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். அவருடைய தாயார் நம்மிடம் வேறொன்றைக் கேட்டார்: "உஸ்தாத், பிள்ளைக்குக் கிளிப் போடச் சொல்கிறார்கள். அது அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாக ஆகிவிடாதா?"

அந்தக் கேள்விக்கு விடை தேடிய வழியில்தான் குர்துபாவின் பெரும் மருத்துவர் ஒருவரைச் சந்தித்தோம்.

குர்துபாவின் மருத்துவர்

முஸ்லிம் ஸ்பெயினின் தலைநகரான குர்துபாவுக்கு அருகே, மூன்றாம் அப்துர் ரஹ்மான் 936ஆம் ஆண்டில் எழுப்பத் தொடங்கிய அரச நகரம் மதீனத்துஸ் ஸஹ்ரா. அந்நகரின் பெயராலேயே அறியப்படுபவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ. ஏறத்தாழ 1013இல் மறைந்த அவர், தமது நீண்ட மருத்துவ அனுபவத்தை 'அத்தஸ்ரீஃப்' என்னும் 30 பாகங்கள் கொண்ட நூலாக விட்டுச் சென்றார். அதன் இறுதிப் பாகம் அறுவை மருத்துவத்துக்கு உரியது. ஏறத்தாழ 200 கருவிகளின் படங்கள் அதில் வரையப்பட்டுள்ளன. 12ஆம் நூற்றாண்டில் துலைதுலா நகரில் கிரிமோனாவின் ஜெரார்டு அதனை இலத்தீனில் பெயர்த்தார். அதன்பின் பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய மருத்துவர்கள் அதனைப் பயின்றனர்.

அந்தப் பாகத்தில் பற்களுக்கென்றே தனித்தனி அத்தியாயங்கள் உள்ளன. பல்லில் படியும் காரையைச் சுரண்டுவதற்குப் பல வடிவச் சுரண்டிகளை அவர் வரைந்து காட்டுகிறார். ஒரே நாளில் தூய்மையாகாவிட்டால் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் தொடரச் சொல்கிறார். பல்லைப் பிடுங்குவதில் அவசரம் கூடாது என்று வலியுறுத்துகிறார். இழந்த பல்லுக்கு ஈடில்லை. மேலும், வலி நோயாளியை ஏமாற்றும். நோயுற்ற பல் ஒன்றாக இருக்க, அவர் வேறொன்றைக் காட்டக்கூடும். இதை அறியாத நாவிதர்கள் நல்ல பல்லைப் பிடுங்கிவிடுவதை அவர் கண்டிக்கிறார்.

பல நாட்களில் செய்ய வேண்டிய வேலை

இயல்பான இடம் தவறி, ஒன்றன்மேல் ஒன்றாக முளைத்த பற்களுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. அவை தோற்றத்தைக் கெடுக்கின்றன, குறிப்பாகப் பெண்களுக்கு, என்று தொடங்குகிறார். மற்றொரு பல்லின் பின்னால் முளைத்து, அறுக்கவோ அராவவோ இடமில்லாததை எடுத்துவிடலாம். மற்றொன்றோடு ஒட்டி நிற்பதைச் சிற்றுளி போன்ற கருவியால் வெட்டலாம். துருத்தி நிற்பதை நுண்ணிய அரத்தால் தேய்க்கலாம். இக்கருவிகளை இந்திய இரும்பால் செய்யச் சொல்கிறார். தென்னிந்தியாவில் உருக்கப்பட்ட எஃகு அரபு நாடுகளில் பெரும் மதிப்புப் பெற்றிருந்த காலம் அது.

அவர் விதிக்கும் நிபந்தனை நம்மை மிகவும் கவர்ந்தது. ஒரே அமர்வில் முடிக்கக் கூடாது. பல் அசைந்துவிடாதபடி, பல நாட்களில், சிறிது சிறிதாக, மென்மையாகச் செய்ய வேண்டும். உடைந்த பல்லின் கூர்மை பேசும்போது நாவைக் கீறுமானால், அதையும் தேய்த்து வழவழப்பாக்கச் சொல்கிறார். நாவுக்கு வலி இருக்கக் கூடாது, பேச்சும் கெடக் கூடாது என்பதே நோக்கம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மருத்துவர் பல்லைப் பார்த்தபோது, அதன் பின்னால் இருந்த பேச்சையும் மனிதரையும் சேர்த்தே பார்த்திருக்கிறார்.

இன்றைய கிளிப் சிகிச்சையை அவரே கண்டுபிடித்தார் என்று நாம் கூறமாட்டோம். அவர் பல்லைத் தேய்த்தார், எடுத்தார், இடம் நகர்த்தவில்லை. 1728இல் பிரான்சின் பியேர் ஃபோஷார், வளைந்த உலோகப் பட்டையில் பற்களைக் கட்டி நகர்த்தும் முறையை எழுதினார். 1899இல் அமெரிக்காவின் எட்வர்டு ஆங்கிள் கடிப்பின் கோளாறுகளை வகைப்படுத்தினார். ஆயினும், மென்மையும் பொறுமையும் இன்றும் மாறவில்லை. கம்பி தரும் சிறு அழுத்தத்தால் பல்லின் ஒருபுறம் எலும்பு கரைகிறது. மறுபுறம் புதிதாக வளர்கிறது. அவசரப்பட்டால் வேர் பழுதுபடும்.

வெள்ளியும் பொன்னும்

ஆடிய பற்களைக் கம்பியால் பிணைக்கும் முறையையும் அஸ்ஸஹ்ராவீ விளக்குகிறார். வெள்ளிக் கம்பி சில நாட்களில் பச்சை படிந்து கெடும், பொன் மாறாது. ஆகவே பொன்னே சிறந்தது என்கிறார். இதைப் படித்தபோது ஒரு ஹதீஸ் நம் நினைவுக்கு வந்தது. அறியாமைக் காலத்தில் குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியால் மூக்குச் செய்து பொருத்தினார்கள். அது துர்நாற்றம் வீசியது. பொன்னால் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இது பதிவாகியுள்ளது. ஆண்களுக்குப் பொன் அணிவது விலக்கப்பட்ட மார்க்கத்தில், ஒரு மனிதரின் முகத்துக்காக அந்த விலக்கு தளர்த்தப்பட்டது. அறிஞர்கள் பலர் பற்களைப் பொன்னால் கட்டியதற்கும் இமாம் திர்மிதீ இதையொட்டியே இடம் காட்டுகிறார்.

கோடு எங்கே?

அழகுக்காகப் பற்களுக்கிடையே இடைவெளி உண்டாக்கிக்கொள்ளும் பெண்களைக் கண்டிக்கும் ஹதீஸ் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அந்தத் தாயாரின் அச்சத்துக்கு வேர் இதுவே. ஆனால் அதில் 'அழகுக்காக' என்னும் நிபந்தனை சேர்ந்தே வருகிறது. சிகிச்சைக்காகவோ குறையை நீக்குவதற்காகவோ செய்வது இக்கண்டனத்தில் அடங்காது என்று இமாம் நவவீ போன்றோர் விளக்கியுள்ளனர். மெல்லுதலையும் பேச்சையும் தடுக்கும் பல்வரிசையைச் சீர்செய்வது படைப்பை மாற்றுவதன்று. படைப்பின் இயல்புக்கு அதைத் திருப்புவதாகும். நல்ல பற்களை நாகரிகத்துக்காகத் தேய்ப்பது வேறு. ஒவ்வொருவர் நிலையும் வேறுபடுவதால், ஐயமுள்ளோர் நம்பகமான பல் மருத்துவரிடமும் தம் ஊர் ஆலிமிடமும் கேட்டறிவது நன்று.

சகோதரரைப் புன்முறுவலுடன் சந்திப்பதும் தர்மம் என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்தார்கள். கையால் வாயை மறைத்துச் சிரிக்கும் பிள்ளைக்கு அந்தத் தர்மம்கூடக் கடினமாகிவிடுகிறது. செலவு செய்ய இயலாத வீடுகளும் நம்மிடையே உள்ளன. வசதியுள்ளோர் உறவினர் பிள்ளை ஒருவரின் சிகிச்சையில் பங்கேற்றால், அது உணவளிப்பதைப் போன்றதோர் உதவியே. எதுவும் இயலாதோர் "தெத்துப்பல்" என்று அழைப்பதையாவது நிறுத்தலாம்.

அச்சிறுவருக்கு இரண்டு ஆண்டுகள் கம்பி இருந்தது. அது கழற்றப்பட்ட வாரத்தில் அவரைக் 'கவ்ஸர்' அத்தியாயத்தை ஓதச் சொன்னோம். அதன் முதல் வசனத்திலேயே 'ஸா' வருகிறது. அவர் நிறுத்தி, நாவைப் பல்லின் விளிம்பில் வைத்து, மெதுவாக மொழிந்தார். பிறகு நாம் சொல்லாமலேயே முதல் வரிசையில் வந்து அமர்ந்தார்.