கல்பாக்கத்தின் சிறிய உலை எதற்குப் பதில் சொன்னது?

சென்ற வாரம் இடுக்கி நீர்மின் திட்டத்தின் கதையைப் பார்த்தோம். 1976-இல் ஓடத் தொடங்கிய மூலமற்றம் நிலத்தடி மின்நிலையத்தின் திறன் 780 மெகாவாட். அதோடு ஒப்பிட்டால் கல்பாக்கத்தின் சோதனை ஈனுலை கண்ணுக்கே தெரியாது. முழுத் திறனில் அது தருவது 40 மெகாவாட் வெப்பம்; அதிலிருந்து கிடைக்கக்கூடிய மின்சாரம் 13 மெகாவாட்டுக்குச் சற்றுக் கூடுதல். அந்த முழுத் திறனையும் அது எட்டியது 2022 மார்ச்சில்தான். முதல் தொடர்வினை தொடங்கியதோ 1985 அக்டோபர் 18-இல். இடைப்பட்ட முப்பத்தாறு ஆண்டுகளைச் சுட்டிக்காட்டி இதைத் தோல்வி என்று முடித்துவிடலாம். ஆனால் ஆய்வுக்குக் கட்டிய உலையை மின்கணக்கால் அளப்பது முறையாகாது. அதனிடம் கேட்கப்பட்ட கேள்விகள் எவை, அவற்றுக்குப் பதில் கிடைத்ததா என்றுதான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் இரண்டு பெரிய கேள்விகளுக்கு அது தெளிவாகப் பதில் சொல்லியிருக்கிறது. மூன்றாவது ஒன்றுக்கு அதனால் பதில் சொல்லவே முடியாது. அந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் புகழ்ச்சியும் இகழ்ச்சியும் அளவு மீறின.

கேள்விகள் பிறந்த இடம் நம் மண்தான். இந்தியாவில் யுரேனியம் குறைவு; கேரளத்தின் சவறையிலும் குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியிலும் கடற்கரை மணலில் தோரியம் ஏராளம். ஆனால் தோரியம் தானாக எரியாது. அதை யுரேனியம்-233 ஆக மாற்றியாக வேண்டும். ஹோமி பாபா 1950-களில் வகுத்த மூன்று கட்டத் திட்டத்தில் இதற்கான நடுக்கட்டம், எரியும்போதே புது எரிபொருளை ஈனும் ஈனுலை. அங்கே நியூட்ரான்களின் வேகம் குறையக் கூடாது என்பதால் தண்ணீரைக் குளிர்விப்பானாகப் பயன்படுத்த இயலாது. திரவச் சோடியம் அந்த வேகத்தை அதிகம் குறைப்பதில்லை. 98 டிகிரியில் உருகி 883 டிகிரியில்தான் கொதிப்பதால் உயர் அழுத்தமும் தேவையில்லை. ஆனால் சூடான சோடியம் காற்றுப் பட்டால் எரியும். தண்ணீர் பட்டால் சீறும். ஆக, சோடியத்தை நம்மால் கட்டியாள முடியுமா என்பது முதல் கேள்வி. அதன் வெப்பத்தில் தாக்குப்பிடிக்கும் எரிபொருளைச் செய்ய முடியுமா என்பது இரண்டாவது. 1969-இல் பிரான்ஸுடன் ஒப்பந்தமானது. அங்கிருந்த ராப்சோடி உலையே மாதிரி. ராப்சோடியில் இல்லாத நீராவி உற்பத்திக் கலனையும் சுழலியையும் கல்பாக்கத்தில் சேர்த்தார்கள். சோடியத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஓர் எஃகுக் குழாய்ச் சுவர் மட்டுமே நிற்கும் இடம் அது. சோதிக்க வேண்டிய இடமும் அதுதான்.

எரிபொருள் கேள்வியைக் கடினமாக்கியது அரசியல். 1974 பொக்ரான் சோதனைக்குப் பின் செறிவூட்டிய யுரேனியம் வெளியிலிருந்து கிடைக்கவில்லை. அதில்லாமல் இத்தனை சிறிய உலையை ஆக்சைடு எரிபொருளால் ஓட்டுவதானால் புளூட்டோனியத்தின் பங்கை மிகவும் உயர்த்த வேண்டும். அத்தகைய ஆக்சைடு சோடியத்தோடு ஒத்துப்போகாது. எனவே பாபா அணு ஆராய்ச்சி மையம் 70 விழுக்காடு புளூட்டோனியமும் 30 விழுக்காடு யுரேனியமும் கலந்த கார்பைடை உருவாக்கியது. உலகில் வேறெங்கும் ஓர் உலையின் முதன்மை எரிபொருளாக ஓடிப் பார்க்காத கலவை அது. தொடக்கத்தில் டன்னுக்கு 25,000 மெகாவாட்-நாள் என்ற எச்சரிக்கையான எரிப்பு வரம்பு வைத்தார்கள். படிப்படியாக உயர்த்தி 1,65,000 வரை கொண்டுபோனார்கள். மறுக்கப்பட்டதே வரமாயிற்று என்று இதைச் சொல்லிக்கொள்வது பாதி உண்மைதான். முதல் உலைக்கருவில் 22 எரிபொருள் தொகுதிகளே இருந்தன, 10.5 மெகாவாட் வெப்பத்தோடு நிற்க வேண்டியிருந்தது. தாமதத்தில் ஒரு பெரும்பங்கு அந்த மறுப்புக்குக் கொடுத்த விலை.

சோடியத்தின் ஆபத்தைச் சொல்லி எதிர்ப்பவர்களின் வாதம் வலுவானது. ஜப்பானின் மோன்ஜு உலையில் 1995 டிசம்பரில் சோடியம் கசிந்து தீப்பிடித்தது. 2016-இல் அதை மூடிவிடவே முடிவு செய்தார்கள். கல்பாக்கமும் விபத்தே அறியாத இடமன்று. 1987 மே மாதம் எரிபொருளை இடம் மாற்றும்போது ஒரு தொகுதி வளைந்துபோய், சரிசெய்ய இரண்டு ஆண்டுகள் பிடித்தன. 2002-இல் 75 கிலோ சோடியம் கசிந்தது. கசிந்த அறையில் நைட்ரஜன் நிரப்பியிருந்ததால் தீ மூளவில்லை. மறுபக்கம், ரஷ்யாவின் பிஎன்-600 உலை 1980 முதல் ஓடி வருகிறது. சோடியத்தை ஆள முடியும். ஆனால் கசியும் என்று முன்கூட்டியே எண்ணிக் கட்ட வேண்டும், பழுது பார்க்கக் காலமும் பணமும் ஒதுக்க வேண்டும் என்பதே இந்த அனுபவங்கள் தரும் பாடம். அதைச் சிறிய உலையில் கற்றது மலிவு.

இன்னும் கூர்மையான ஆட்சேபம் ஒன்று உண்டு. அடுத்து வந்த 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலைக்குத் தேர்ந்தது ஆக்சைடு எரிபொருள். அப்படியானால் கார்பைடில் செலவழித்த ஆண்டுகள் வீண்தானே? முழுதும் வீண் அல்ல. அந்த ஆக்சைடு எரிபொருளின் மாதிரியும் இதே சோதனை உலையில்தான் டன்னுக்கு 1,12,000 மெகாவாட்-நாள் வரை எரித்துப் பார்க்கப்பட்டது. எரிந்த கார்பைடிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் வேலையையும் கல்பாக்கத்திலேயே செய்து பார்த்தார்கள். ஈனுலைத் திட்டத்துக்கு உயிர்நாடியே அந்த மறுசுழற்சிதான். அப்படியிருந்தும் 2004-இல் கட்டத் தொடங்கிய முன்மாதிரி உலையில் உலைக்கருவை நிரப்பும் பணி 2024 மார்ச்சில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. இங்கேதான் மூன்றாவது கேள்வி வருகிறது: சிறியதில் நடந்தது பெரியதிலும் நடக்குமா? பிரான்ஸ் ராப்சோடிக்குப் பின் 250 மெகாவாட் பீனிக்ஸ் என்ற நடுப்படியில் ஏறித்தான் அடுத்ததற்குப் போனது. அதன்பின் கட்டிய சூப்பர்பீனிக்ஸே நிலைக்கவில்லை. நாம் 13-இலிருந்து 500-க்கு ஒரே தாவலாகத் தாவினோம். பெரிய உலையின் தாமதத்தைச் சிறியதன் கணக்கில் எழுதுவதும், சிறியதன் வெற்றியைக் காட்டிப் பெரியதற்கு உத்தரவாதம் தருவதும் ஒரே பிழையின் இரு முகங்கள். சோதனை உலை தன் தேர்வை எழுதி முடித்துவிட்டது. நடுப்படியைத் தாண்டிய முடிவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் திட்டமிட்டவர்கள். தோரியத்தின் பிள்ளையான யுரேனியம்-233-இல் ஓடும் காமினி உலையின் கதை அடுத்த வாரம்.