அந்த ஒரு டிக்கை நான் ஏன் போடலை?

அண்ணாமலை நகர்ல ஒரு சின்ன ஆபீஸ். "தம்பி, புது கம்ப்யூட்டர்ல பழைய கணக்கு ஃபோல்டர் திறக்கவே மாட்டேங்குது"ன்னு கூப்பிட்டாங்க. போய்ப் பார்த்தேன். கேபிள் சரி, பிங் போகுது, ஃபோல்டர் மட்டும் திறக்கலை. கணக்கு இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி மெஷின்ல.

இதுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. கம்ப்யூட்டர்கள் ஃபைல் பகிர்ந்துகொள்ளும் எஸ்எம்பி புரோட்டோகாலை 1980களில் ஐபிஎம்மில் பேரி ஃபைகன்பாம் உருவாக்கினார். அதன் முதல் பதிப்பை விண்டோஸ் கையாண்ட விதத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அதன் வழியாகத்தான் 2017 மே 12 அன்று வான்னாக்ரை வைரஸ், யாரும் க்ளிக் செய்யாமலே கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தாவியது. பிரிட்டனில் மருத்துவமனைகளே முடங்கின. ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே தந்திருந்தது, பலர் போடவில்லை. அந்த அக்டோபர் முதல் விண்டோஸ் 10 முதல் பதிப்பைக் கைவிடத் தொடங்கியது. எக்ஸ்பிக்கோ அது ஒன்றுதான் தெரியும்.

செட்டிங்ஸ்ல ஒரு டிக் போட்டா ஃபோல்டர் திறந்திருக்கும். நான் போடலை. கணக்கையெல்லாம் பென் டிரைவ்ல எடுத்துப் புது கம்ப்யூட்டருக்கு மாத்திட்டு, பழைய மெஷினோட நெட்வொர்க் கேபிளைக் கழட்டிட்டேன். ஒரு மணி நேரம் கூடுதலாச்சு, அவ்வளவுதான்.

"டிக்கைப் போடு, சரியாயிடும்"னு யாராவது சொன்னா, அந்த மே மாசத்தை ஒருதடவை நினைச்சுக்கோங்க.