இரு மாத்திரைகளின் வரலாறு

'இனிப்பு நீர்' என்று மலேசியத் தமிழ் மக்கள் பேச்சு வழக்கில் குறிப்பிடும் நீரிழிவு, நம் இல்லங்களுக்குப் புதிய நோயன்று. காலையில் ஒரு மாத்திரையோடு அமைந்திருந்த ஒருவருக்கு, மருத்துவர் இரண்டாவது மாத்திரை ஒன்றையும் சேர்த்து எழுதிக் கொடுத்தால் அவர் உள்ளம் சோர்ந்துவிடுகிறது. 'நோய் முற்றிவிட்டது' என்று அஞ்சுவோர் சிலர். 'வாயைக் கட்டாததற்குக் கிடைத்த தண்டனை' என்று நாணுவோர் சிலர். புதிய மாத்திரையைத் தொடாமல் அலமாரியிலேயே வைத்துவிடுவோரும் உளர். இந்த அச்சமும் நாணமும் பொருளுடையனவா? இவ்வினாவுக்குரிய விடை, அம்மாத்திரைகள் பிறந்த வரலாற்றிலேயே அடங்கியுள்ளது.

1921ஆம் ஆண்டில் கனடாவின் டொரொண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் ஆகிய இருவரும் கணையத்திலிருந்து இன்சுலின் என்னும் சுரப்பைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்கு, பதினான்கு வயதுச் சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. சாவின் வாயிலில் நின்ற எத்தனையோ குழந்தைகளை அம்மருந்து மீட்டது. ஆயினும், இன்சுலினை விழுங்கினால் அது குடலில் செரித்து அழிந்துவிடும். ஊசி வழியே செலுத்த வேண்டியிருந்தது. வாயால் உட்கொள்ளத்தக்க மருந்து ஒன்று கிடைக்காதா என்ற ஏக்கம் மருத்துவ உலகில் நிலைத்திருந்தது.

முதல் மருந்து எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1942ஆம் ஆண்டு, உலகப் போர்க்காலம். பிரான்சு நாட்டின் மோன்பெலியே நகரில் மருத்துவர் மார்செல் ஜான்போன், டைபாய்டு காய்ச்சலுக்குச் சல்போனமைடு வகை மருந்து ஒன்றைக் கொடுத்துவந்தார். நோயாளிகள் சிலருக்கு இரத்தச் சர்க்கரை பெரிதும் தாழ்ந்து, அவர்கள் துன்புற்றதைக் கண்டார். அதே நகரில் ஒகுஸ்த் லூபத்தியேர் இதன் காரணத்தை ஆராய்ந்தார். கணையம் உள்ள நாய்களில் இம்மருந்து சர்க்கரையைக் குறைத்தது. கணையம் அகற்றப்பட்ட நாய்களில் குறைக்கவில்லை. ஆகவே, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வதே இம்மருந்தின் தொழில் என்பது புலனாயிற்று. 1950களின் நடுவில் டோல்பியூட்டமைடு முதலிய மாத்திரைகள் ஜெர்மனியில் வழக்கிற்கு வந்தன.

இரண்டாவது மருந்தின் வேர், ஐரோப்பிய வயல்வெளிகளில் வளரும் 'கலேகா' என்னும் மூலிகையில் உள்ளது. அதனோடு தொடர்புடைய குவானிடின் என்ற பொருள் விலங்குகளின் இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதாக 1918இல் அறியப்பட்டது. 1922இல் டப்ளின் நகரில் வெர்னரும் பெல்லும் மெட்போர்மினை ஆக்கினர். இன்சுலினின் பேரொளியில் அது மங்கிக் கிடந்தது. 1957ஆம் ஆண்டில்தான் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்தேர்ன், அதனை நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்ட பயனை வெளியிட்டார். இது கணையத்தைத் தூண்டுவதன்று. கல்லீரல் அளவுக்கு மீறிச் சர்க்கரையை வெளிவிடுவதைத் தடுப்பதே இதன் தலையாய பணி. உடல் இன்சுலினுக்கு இணங்கவும் இது துணைபுரிகிறது.

இவ்விரண்டையும் இணைப்பது ஏன்? வகுப்பறை ஒன்றை எண்ணிப் பார்ப்போம். ஆசிரியரின் குரல் மெலிந்துவிட்டது. மாணவரின் செவியும் மந்தமாகிவிட்டது. குரலை மட்டும் உயர்த்தினாலோ, செவியை மட்டும் கூர்மையாக்கினாலோ பாடம் முழுமையாகச் சென்று சேராது. இரண்டாம் வகை நீரிழிவிலும் இத்தகைய இரு குறைகள் உள்ளன: கணையத்தின் சுரப்பு தளர்கிறது, உடலும் இன்சுலினின் கட்டளைக்குச் செவிசாய்ப்பதில்லை. 1995இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதனை மெய்ப்பித்தது. கணையத்தைத் தூண்டும் மாத்திரை போதாதவர்களுக்கு, அதனை நிறுத்திவிட்டு மெட்போர்மினை மட்டும் கொடுத்தபோது பெரும்பயன் விளையவில்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது சர்க்கரை நன்கு தணிந்தது.

நோயாளியின் நாணத்திற்கு விடையளிப்பது மற்றோர் ஆய்வு. பிரித்தானியாவில் இராபர்ட் டர்னர் தலைமையில் 1977இல் தொடங்கிய அப்பேராய்வில் 5,102 பேர் பங்கேற்றனர். நோய் கண்டறியப்பட்ட மூன்றே ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஒரு மருந்து போதவில்லை. ஒன்பது ஆண்டுகளில் நால்வரில் ஒருவரே ஒரு மருந்தோடு அமைய முடிந்தது. கணையத்தின் ஆற்றல் ஆண்டுதோறும் குன்றுவது இந்நோயின் இயல்பு என்பது தெளிவாயிற்று. உணவுக் கட்டுப்பாடு இன்றியமையாததே; ஆயினும், இரண்டாவது மாத்திரை நோயாளியின் ஒழுக்கத்திற்கு இடப்பட்ட தாழ்ந்த மதிப்பெண் அன்று.

வரலாறு எச்சரிக்கையும் தருகிறது. மெட்போர்மினின் உறவான பென்போர்மின், இரத்தத்தில் அமிலம் மிகுந்து உயிரைப் பறித்ததால் 1977இல் அமெரிக்காவில் விலக்கப்பட்டது. மேற்சொன்ன பிரித்தானிய ஆய்வின் ஒரு சிறு பிரிவிலும், இரு மருந்துகளையும் சேர்த்து உண்டவரிடையே இறப்பு மிகுந்து காணப்பட்டது. அது நெடிய விவாதத்தை எழுப்பியது. எனவே, எந்த மருந்தை எதனோடு, எவ்வளவு சேர்ப்பது என்பதைச் சிறுநீரகம், இதயம், வயது ஆகியவற்றை ஆய்ந்து மருத்துவரே முடிவுசெய்தல் வேண்டும். அண்டை வீட்டாரின் மாத்திரையை வாங்கி உண்பதும், தம் மாத்திரையைத் தாமே நிறுத்துவதும் ஒருபோல் தவறானவை.

2019இல் வெளிவந்த ஐந்தாண்டு ஆய்வொன்று, நோயின் தொடக்கத்திலேயே இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் சர்க்கரை நெடுங்காலம் கட்டுக்குள் இருப்பதைக் காட்டியது. அதில் மெட்போர்மினோடு இணைந்தது வில்டாகிளிப்டின் என்னும் புதிய மருந்து. இறுதிப் புகலிடமாகக் கருதப்பட்ட கூட்டு மருந்து, சிலருக்கு முதற்படியாகவும் அமையலாம் என்ற எண்ணம் இவ்வாறு வலுப்பெற்றது.

மாணவர்களே! உங்கள் பாட்டனாரோ பாட்டியாரோ இரண்டாவது மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கினால், அருகில் அமர்ந்து இவ்வரலாற்றை எடுத்துக் கூறுங்கள். மோன்பெலியே மருத்துவமனையும் கலேகாச் செடியும் அவர்தம் உள்ளங்கையில் ஒன்றுகூடியிருக்கின்றன என்று சொல்லுங்கள். அச்சம் நீங்கி அவர் அதனை உட்கொண்டால், நீங்கள் கற்ற வரலாறு பயன் தந்ததாகும்.