உப்பும் ஒரு பெத்தாலஜி பேராசிரியரும்

"நம்ம ஊரைப் பற்றி எழுதுப்பா" என்றார்கள் மலர்க்குழு நண்பர்கள். ஊரில் தொடங்கி வடக்கே போகிறேன், பொறுத்தருள்க.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் பின்தெருவில் தறி நெய்த அத்தைக்குக் கழுத்தில் எலுமிச்சம்பழ அளவு வீக்கம். "தெய்வக் குத்தம்" என்றே பேசிக்கொண்டார்கள். மருத்துவப் படிப்பில் முன்கழுத்துக் கழலை பாடம் வந்தபோது அந்த அத்தைதான் கண்முன் நின்றார். கூடவே டாக்டர் வி. ராமலிங்கசுவாமி என்ற பெயரும் அறிமுகமானது.

1921-ல் ஸ்ரீகாகுளத்தில் பிறந்தவர். விசாகப்பட்டினத்தில் மருத்துவம், ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ச்சி, நம் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் பணி. பிறகு தில்லி எய்ம்ஸில் பெத்தாலஜி பேராசிரியர்; 1969 முதல் 1979 வரை இயக்குநர்.

பெத்தாலஜி என்றால் பிணவறையும் மைக்ராஸ்கோப்பும்தான் என்று நாங்கள் நினைத்த காலம். இவரோ 1956-ல் தொடங்கிய ஆய்வுக்காக இமயமலையடி காங்ரா பள்ளத்தாக்குக்குப் போனார். பகுதியை மூன்றாகப் பிரித்து, இரண்டுக்கு அயோடின் கலந்த உப்பு, ஒன்றுக்குச் சாதா உப்பு. சில ஆண்டுகளில் அந்த இரண்டு பகுதிகளிலும் கழலை பாதியளவுக்குக் குறைந்தது. மூன்றாவதில் அப்படியேதான் இருந்தது. அப்புறம் அவர்களுக்கும் அயோடின் உப்பு கொடுத்தார்கள், அங்கேயும் குறைந்தது. அதுவரை அவர்களைக் காக்க வைத்தது சரியா? இன்றைய மாணவர்கள் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. ஆனால் அந்த ஒப்பீடு இல்லையென்றால் அரசாங்கத்தை நம்ப வைத்திருக்க முடியுமா, தெரியவில்லை.

2001-ல் அவர் காலமானார்.

போன மாதம் ஊர் மளிகைக்கடையில் உப்புப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "உப்புல என்ன சார் அப்படிப் படிக்கிறீங்க?" என்றார் கடைக்காரர். நின்று, அத்தை கதையிலிருந்து ஆரம்பித்தேன்.